செசி இலக்கத்திலிருந்து தொடங்குங்கள்: பாவித்த கார் வாங்குமுன் அதன் வரலாற்றைப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாவித்த கார் ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இயந்திரம் நன்றாக ஓடுகிறதா, கியர் ஒழுங்காக விழுகிறதா என்பதை உங்கள் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். முன்னால் நிற்கும் வாகனம் விற்பவர் சொல்லும் அதே வாகனம்தானா, அதன் ஆண்டும் ஓடிய தூரமும் மெய்யா, அதன்மேல் வேறு யாருக்கும் உரிமை இருக்கிறதா என்பவற்றைச் செசி இலக்கத்தைக் கொண்டு அறியும் வழியே இங்கே தரப்படுகிறது. பதிவுப் படிவங்களில் இதனை அடிச்சட்ட இலக்கம் என்று எழுதுவார்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விற்கப்பட்டதால், கொழும்பிலோ குருநாகலிலோ ஓடி, மூன்று நான்கு பேரிடம் இருந்துவிட்டு இப்பக்கம் வரும் காரைப் பற்றி ஊருக்குள் விசாரித்து அறிய முடிவதில்லை. ஆகவே வாகனத்திடமே கேட்க வேண்டியிருக்கிறது.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பலரும் முதலில் வாகனப் புத்தகத்தைப் பார்த்து, பிறகு இணையத்தில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவைப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனதும் திருப்தியடைந்து முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் ஒப்பிட்டது ஒரே பதிவின் இரண்டு பிரதிகளை. காரை அவர்கள் ஒப்பிடவே இல்லை.

1. புறப்படுமுன் தேவையானவை

ஒரு டோர்ச் லைட், பழைய துணி, பல் துலக்கும் பழைய பிரஷ், சிறிதளவு மண்ணெண்ணெய், மெல்லிய வெள்ளைத் தாள் சில, மென்மையான பென்சில், துணியில் சுற்றிய சிறு காந்தம், கைபேசி ஆகியவை போதும். பதிவுச் சான்றிதழின், அதாவது வாகனப் புத்தகத்தின், இரு பக்கங்களையும் படமெடுத்து முன்கூட்டியே அனுப்புமாறு விற்பவரிடம் கேளுங்கள். படத்தை அனுப்பத் தயங்குகிறவர் நேரில் பார்க்கும்போதும் எதையாவது மறைக்கவே முயல்வார் என்பது என் அனுபவம்.

காலையில் செல்லுங்கள். மதிய வெயிலில் நின்ற காரின் போனட்டைத் திறந்து உள்ளே கைவிட முடியாது. மாலை வெளிச்சத்தில் உரசிய பெயின்ட்டும் பழைய பெயின்ட்டும் ஒன்றுபோலத் தெரியும். நேரில் செல்லும் நாளில் முற்பணத்துக்கான காசைக் கையில் கொண்டு போகாதீர்கள். “கல்முனையிலிருந்து இன்னொருவர் பின்னேரம் வருகிறார்” என்று சொல்லப்படும்போது கையில் காசு இல்லாமலிருப்பதே நல்ல பாதுகாப்பு.

2. உலோகத்தில் பொறித்த இலக்கத்தைப் படியெடுத்தல்

செசி இலக்கம் காரின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பல ஜப்பானியக் கார்களில் அது இயந்திர அறையின் பின்சுவரில் இருக்கும். சிலவற்றில் முன் ஆசனத்தின் கீழ், கம்பளத்தில் வெட்டப்பட்ட சிறு மூடியைத் தூக்கினால் தெரியும். தனிச் சட்டத்தின் மேல் உடல் ஏற்றப்பட்ட பிக்கப், லொறி போன்றவற்றில் முன்சக்கரத்துக்கு அருகே சட்டத்தில் இருக்கும். இது தவிர, இயந்திர அறையிலோ கதவுத் தூணிலோ தகடு அல்லது ஒட்டுத்தாள் ஒன்றிலும் அதே இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். தகட்டைக் கழற்றி வேறு காரில் பூட்டலாம் என்பதால், முதலில் பார்க்க வேண்டியது உலோகத்தில் பொறித்ததையே.

அழுக்கைப் பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெய் தொட்ட துணியாலும் துடைத்து, காயவிடுங்கள். தாளை இலக்கத்தின் மேல் அசையாமல் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாக உரசினால் எழுத்துகள் தாளில் வெள்ளையாக எழும். லீசிங் கம்பனிக்காரர் மதிப்பீட்டின்போது எடுப்பதும் இதையே. கைபேசியால் படமும் எடுங்கள். ஆனால் படம் மட்டும் போதாது. வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் படத்தில் 3, 8 ஆகத் தோன்றும். உரசலில் ஆழம் கூடத் தெரியும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விடயங்களைப் பாருங்கள். எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் ஒரே சீராக உள்ளனவா? ஏதாவது ஓர் இலக்கம் மற்றவற்றைவிட ஆழமாகவோ சரிவாகவோ உள்ளதா? அவ்விடத்தில் அரைத்த கோடுகள் தெரிகின்றனவா? இலக்கத்தைச் சுற்றி மட்டும் பெயின்ட் புதிதாக உள்ளதா? தொழிற்சாலையில் இயந்திரம் பொறித்ததற்கும் கராஜில் எழுத்து அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்ததற்கும் உள்ள வேறுபாடு, இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்தவருக்கு மறக்காது. உங்கள் உறவினரிடமோ அயலவரிடமோ அதே மாதிரிக் கார் இருந்தால் முதல்நாளே அதில் ஓர் உரசல் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

இலக்கம் உள்ள பகுதியைச் சுற்றிச் சதுரமாக வெல்டிங் கோடு ஓடுகிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள். விபத்தில் முற்றாகச் சிதைந்த காரின் இலக்கத் துண்டை வெட்டி, களவாடப்பட்ட அல்லது தீர்வை செலுத்தப்படாத காரில் ஒட்டுவது பழைய தந்திரம். தகரம் போலத் தோன்றும் இடத்தில் காந்தம் பிடிக்காவிட்டால் அங்கே பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று பொருள்.

நமது கரையோரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வாழைச்சேனையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் மீன் ஏற்றிய வேன்களிலும் சிறு லொறிகளிலும், ஐஸ் உருகிய உப்புநீர் வடிந்து சட்டத்தை அரித்து, இலக்கத்தின் சில எழுத்துகளையே தின்றிருக்கும். இது மோசடி அல்ல. ஆயினும் வாசிக்க முடியாத இலக்கத்தோடு வாகனத்தை வாங்கினால், நாளை லீசிங் எடுக்கும்போதோ விற்கும்போதோ நிரூபிக்க வேண்டியவர் நீங்களே. அத்தகைய வாகனத்தை விலை குறைத்து வாங்குவதைவிட விட்டுவிடுவதே மேல் என்பேன்.

3. இலக்கத்தைப் பிரித்து வாசித்தல்

ஜப்பானின் சொந்தச் சந்தைக்காக அங்கேயே செய்யப்பட்ட கார்களில் பதினேழு எழுத்து இலக்கம் இராது. மாதிரிக் குறியீடு, ஒரு கோடு, பின்னர் 6 அல்லது 7 இலக்கங்கள் என்று இரு பகுதிகளாகவே இருக்கும். முதற்பகுதி வாகனத்தின் வகையைச் சொல்லும்: என்.இஸட்.ஈ. 141 என்றால் டொயோட்டா அக்ஸியோ, கே.எஸ்.பி. 130 என்றால் விட்ஸ், என்.எச்.பி. 10 என்றால் அக்குவா, ஜி.பி. 5 என்றால் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்.

இந்த முதற்பகுதியே பல பொய்களை அவ்விடத்திலேயே உடைத்துவிடும். சுசுக்கி வெகன் ஆர் வாகனத்தில் எம்.எச். 44 எஸ் என்பது 2014 முதல் வந்தது, எம்.எச். 55 எஸ் என்பது 2017 இல் தொடங்கியது. ஆகவே 55 எஸ் என்று பொறித்திருக்கும் காரை “2015 மொடல்” என்று ஒருவர் விளம்பரப்படுத்தினால், ஆண்டு பிழை அல்லது கார் பிழை. அதேபோல, என்.இஸட்.ஈ. 141 இல் உள்ள என்.இஸட். இயந்திரக் குடும்பத்தைக் குறிப்பதால், இயந்திரத்தின் உடலில் 1 என்.இஸட். என்று இல்லாவிட்டால் இயந்திரம் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது குற்றமல்ல, மாற்றியது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

ஜப்பானிய இலக்கத்தில் தயாரிப்பு ஆண்டு எழுத்தாக எழுதப்பட்டிருக்காது. அதனால் ஆசனப் பட்டியின் அடியில் தைக்கப்பட்ட சிறு துணி அட்டையில் உள்ள ஆண்டையும் மாதத்தையும் பாருங்கள். நான்கு கதவுக் கண்ணாடிகளின் மூலைக் குறிகளும் ஒரே கம்பனியையும் ஒரே காலத்தையும் காட்ட வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் வேறானால் அந்தப் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

இந்தியாவிலிருந்து வந்த ஆல்ட்டோ போன்றவற்றில் பதினேழு எழுத்துகள் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும்: எம்.ஏ.3 என்பது மாருதி சுசுக்கி, எம்.ஏ.எல். என்பது இந்தியாவில் செய்யப்பட்ட ஹியுண்டாய். பதினேழு எழுத்து இலக்கத்தில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே மாட்டா. வந்தால் நீங்கள் 1 அல்லது பூச்சியத்தைப் பிழையாக வாசித்திருக்கிறீர்கள், அல்லது அடித்தவர் பிழையாக அடித்திருக்கிறார். பத்தாவது இடம் ஆண்டைக் காட்டும் என்று இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் அடம்பிடிப்பார்கள். பல தயாரிப்பாளர்கள் அவ்வாறே எழுதுகிறார்கள். 2017 க்கு எச், 2018 க்கு ஜே என்று வரும். ஆனால் எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை என்பதால், அந்த ஓர் எழுத்தை மட்டும் வைத்து விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

என் சொந்தப் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெகன் ஆர் ஒன்றின் இலக்கத்தைத் தொலைபேசியில் நண்பருக்கு வாசித்தபோது, 55 க்குப் பின்னால் வரும் எஸ் எழுத்தையும் 5 என்றே சொல்லிவிட்டேன். தேடலில் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் விற்பவரைச் சந்தேகித்தோம்; களுவாஞ்சிக்குடியிலிருந்த அந்த மனிதரோ சுத்தமானவர். இலக்கத்தை வாயால் சொல்லாதீர்கள். உரசல் தாளின் படத்தை அனுப்புங்கள்.

4. புத்தகத்தோடு ஒப்பிடுதல்

இப்போதுதான் புத்தகத்தை எடுக்க வேண்டும். செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் ஒவ்வோர் எழுத்தாக, ஒருவர் வாசிக்க மற்றவர் தாளில் விரல் வைத்து ஒப்பிடுங்கள். கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பார்ப்பது மிகப் பரவலான தவறு. மோசடிக்காரரும் கடைசி நான்கை ஒத்துவரச் செய்வதில்தான் கவனமாக இருப்பார்.

அடுத்து, தயாரிப்பு ஆண்டு, முதற்பதிவுத் திகதி, நிறம், எரிபொருள், உடல் வகை ஆகியவற்றைப் பாருங்கள். தயாரிப்பு ஆண்டும் பதிவு ஆண்டும் வேறு வேறானவை. 2014 இல் செய்து 2017 இல் இங்கே பதிந்த காரை “2017 கார்” என்று விற்பது வழக்கம். விலை பேச வேண்டியது தயாரிப்பு ஆண்டுக்கே.

விசேட குறிப்புகள் என்ற பகுதியை யாரும் வாசிப்பதில்லை. அரச ஊழியருக்கான சலுகைப் பேர்மிட்டில் வந்த வாகனமாயின் குறித்த காலம்வரை உரிமை மாற்ற முடியாது என்ற நிபந்தனை அங்கேதான் இருக்கும். தீர்வைச் சலுகையோடு தொண்டு நிறுவனங்களுக்கு வந்த வாகனங்களிலும் இதைக் கட்டாயம் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு நமது கரையில் அவ்வகை வாகனங்கள் நிறைய ஓடின.

புத்தகத்தில் முன்னைய உரிமையாளர்களின் பெயர்களும் இருக்கும். முடிந்தால் அவர்களில் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். விற்றுவிட்ட வாகனத்தைப் பற்றி மறைக்க அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. அப்படிக் கிடைத்த ஐந்து நிமிடப் பேச்சில், எந்த அறிக்கையிலும் இல்லாத விபத்து ஒன்றை நான் அறிந்ததுண்டு.

5. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவைப் பார்த்தல்

திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தைக் கொடுத்து வாகன விபரங்களைப் பார்க்கும் வசதி உண்டு. எழுத்து மூலமான விபரம் தேவையாயின், நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமை அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். பெருந்தொகை கொடுத்து வாங்கும் வாகனத்துக்கு அந்தச் செலவையும் பயணத்தையும் தவிர்க்காதீர்கள்.

பதிவிலக்கம் தகட்டில் இருப்பது. தகடோ எந்தக் காரிலும் பூட்டக்கூடியது. எனவே இணையத்தில் “கார் சரியாக இருக்கிறது” என்று வருவது, அந்த இலக்கத்தில் ஒரு கார் எங்கோ சரியாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். உங்கள் முன் நிற்பது அந்தக் கார்தானா என்பதைச் சொல்ல, இரண்டாம் படியில் எடுத்த உரசல் தாள் ஒன்றே உண்டு. இந்தப் படியை ஐந்தாவதாக வைத்ததன் காரணமும் இதுவே.

பதிவில் உள்ள இப்போதைய உரிமையாளரின் பெயரை விற்பவரின் அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். வேறு பெயராயின், “அண்ணாவின் பெயரில் இருக்கிறது, அவர் கட்டாரில்” என்ற பதிலோடு நின்றுவிடாமல், அந்த அண்ணாவோடு காணொளி அழைப்பில் பேசுங்கள்.

6. லீசிங்கும் அடகும்

புத்தகத்தில் பூரண உரிமையாளர் என்ற கட்டத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், லீசிங் இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயர் நீக்கப்படவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. கம்பனியின் கிளைக்கு விற்பவரோடு நேரில் சென்று, மிச்சம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மிச்சத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல், கம்பனிக் கணக்கில் நீங்களே கட்டி, மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுங்கள்.

லீசிங் ஓடும்போது மூலப் புத்தகம் பெரும்பாலும் கம்பனியிடமே இருக்கும். ஆகவே போட்டோப் பிரதி மட்டும் காட்டப்பட்டால் அது எங்கே என்பதைக் கேட்டே ஆகவேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தும் மூலப் புத்தகம் கையில் இல்லையென்றால், குறுங்காலக் கடனுக்கோ வட்டிக்குக் கொடுப்பவரிடமோ புத்தகமும் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களும் கிடக்கலாம். அது எந்தப் பதிவிலும் தெரியாது. மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

7. ஜப்பான் பக்கத்து வரலாறு

புதியவர்கள் அதிகம் காசை இழக்கும் இடம் இது. ஜப்பானியச் செசி இலக்கத்தை அமெரிக்க வாகன வரலாற்றுத் தளங்களில் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. அவை பதினேழு எழுத்து இலக்கங்களுக்கும் அந்நாட்டுப் பதிவுகளுக்குமானவை. ஜப்பானிய ஏலப் பதிவுகளைத் தேடித் தரும் கட்டணச் சேவைகளில்தான் பார்க்க வேண்டும். இறக்குமதியாகும் பாவித்த கார்களில் பெரும்பாலானவை ஏலத்தில் விற்கப்பட்டவை என்பதால் ஏல அறிக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் அது குற்றமல்ல. ஏலத்துக்கு வெளியே விற்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

அறிக்கையில் முதலில் ஓடிய தூரத்தைப் பாருங்கள். இறக்குமதிக்கு முன்னர் 78,000 கிலோமீற்றர் என்று எழுதப்பட்ட கார், ஏழு எட்டு ஆண்டு இங்கே ஓடிய பின்னர் மீற்றரில் 71,000 காட்டினால், மேற்கொண்டு பேச எதுவுமில்லை. அடுத்தது தரம்: 4, 4.5 என்பவை நல்லவை, 3.5 க்குக் கீழே கேள்வி கேட்க வேண்டும். ஆர் அல்லது ஆர்.ஏ. என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது. கார் வரைபடத்தில் ஏ என்பது கீறல், யூ என்பது நெளிவு, டபிள்யூ என்பது திருத்திய அலை, இரட்டை எக்ஸ் என்பது மாற்றப்பட்ட பாகம். ஒரு கதவில் ஏ 1, அதாவது சிறு கீறல், இருப்பதற்காகப் பதறாதீர்கள். பதினைந்து ஆண்டுக் காரில் கீறலே இல்லையென்றால்தான் பதற வேண்டும்.

விற்பவர் காட்டும் அச்சுப் பிரதியை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அதைக் கணினியில் மாற்றுவது எளிது. உங்கள் உரசல் இலக்கத்தைக் கொண்டு நீங்களே பெற்றது மட்டுமே அறிக்கை.

இறக்குமதி ஆவணங்களில் ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழ் இருந்தால் அதையும் கேளுங்கள். முதற்பதிவு ஆண்டு அதில் பேரரசர் காலக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஹெய்செய் என்றிருந்தால் 1988 ஐக் கூட்டுங்கள்: ஹெய்செய் 26 என்பது 2014. ரெய்வா என்றிருந்தால் 2018 ஐக் கூட்டுங்கள்.

கூடவே, டொயோட்டா, ஹொண்டா, சுசுக்கி முதலிய கம்பனிகளின் ஜப்பானியத் தளங்களில் செசி இலக்கத்தைக் கொடுத்துத் திரும்பப் பெறல் அறிவிப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கக்கூடிய தகாட்டா காற்றுப்பைகளின் விவகாரத்தில் சிக்கிய மாதிரிகள் நமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. இது வாங்குவதைத் தடுக்கும் காரணமல்ல. வாங்கியதும் முகவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டியது.

8. இலக்கம் சொல்லாதது: வெள்ளம்

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் நமது இரு மாவட்டங்களும் மூழ்கின. அப்போது தண்ணீரில் நின்ற கார் எதுவும் புத்தகத்தில் அப்படிக் குறிக்கப்பட்டிருக்காது. ஏல அறிக்கையிலும் இராது, ஏனெனில் அது இங்கு வருமுன் எழுதப்பட்டது. ஆகவே இதனைக் கண்ணாலும் மூக்காலும்தான் பார்க்க வேண்டும்.

ஆசனப் பட்டியை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை உள்ளதா பாருங்கள். ஆசனத் தண்டவாளத்தின் திருகாணிகள், டாஷ்போட்டுக்குக் கீழுள்ள வயர் இணைப்புகள், மேலதிகச் சக்கரம் வைக்கும் குழி ஆகிய இடங்களில் துருவும் மெல்லிய வண்டலும் தங்கும். ஹைபிரிட் காரில் இது மேலும் முக்கியம்: பற்றரி பின் ஆசனத்துக்கு அருகே தாழ்வாக இருக்கும் மாதிரிகளில் தண்ணீர் அதைத்தான் முதலில் தொடும்.

காப்புறுதிக் கோரிக்கை வரலாற்றைக் கம்பனி உங்களுக்குத் தராது. வாகன உரிமையாளர் கேட்டால் தரும். அவரையே கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள். முகவரின் சேவை நிலையத்தில் தொடர்ந்து சேர்விஸ் செய்யப்பட்ட காராயின், அங்குள்ள பதிவையும் அவர் மூலமாகவே கேட்கலாம்.

9. பணமும் உரிமை மாற்றமும்

எல்லாம் ஒத்துவந்த பின்னரே மெக்கானிக்கை அழைத்துச் சென்று ஓட்டிப் பாருங்கள். இந்த வரிசையில் செய்தால் மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி ஒரு காருக்கு மட்டுமே போகும்.

உரிமை மாற்றத்தில் புதிய உரிமையாளருக்கு எம்.ரி.ஏ. 6, பழைய உரிமையாளருக்கு எம்.ரி.ஏ. 8 என்று இரு படிவங்கள் உண்டு. வாங்குபவரின் பெயர் எழுதாமல் விற்பவரின் கையொப்பத்தோடு மட்டும் கைமாறும் ஓப்பின் பேப்பரில் வாங்காதீர்கள். மாற்றக் கட்டணத்தை மிச்சப்படுத்தி, சில மாதம் ஓட்டிவிட்டு மறுபடி விற்கலாம் என்று நினைப்பவருக்கு அது இலாபமாகத் தோன்றும். ஆனால் விற்பவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ, அவர் பேரில் கடன் வழக்கு வந்தாலோ, கார் உங்கள் முற்றத்தில் நிற்க, உரிமை வேறிடத்தில் நிற்கும். அக்கரைப்பற்றில் ஒருவர் இப்படி வாங்கிய காரை மூன்றாண்டுக்குப் பின் விற்கப் போனபோது, மறைந்துவிட்ட உரிமையாளரின் பிள்ளைகள் ஐவரிடமும் கையொப்பம் தேடி அலைந்தார்.

படிவங்களில் செசி இலக்கத்தை எழுதும்போது புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் உரசல் தாளைப் பார்த்து எழுதுங்கள். விற்பவரையும் அதே தாளில் திகதியிட்டுக் கையொப்பமிடச் சொல்லி, பணம் அனுப்பிய வங்கிச் சிட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.